பின்வரிசையில் நின்று பார்த்தால்: கே-பாப் கவர் நடனம் காட்டும் ஐடல் வாழ்க்கை



கொரிய பாப் இசையைப் பற்றிய பேச்சு என்றதும் இளையவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களை அழைத்துவந்த பெற்றோரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு குழு ஆடிய நடனத்தை இன்னொரு குழு அசைவுக்கு அசைவு, இடத்துக்கு இடம் அப்படியே ஆடிப் படம்பிடித்து வெளியிடுவதற்குக் கவர் என்று பெயர். ஆடுகிறவர்கள் அதில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதனாலேயே இதை வெறும் நகல் வேலை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

நான் பரதநாட்டியம் பயின்று, சொல்லிக்கொடுத்து வருகிறவள். சில ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களின் கவர் குழு ஒன்றுக்கு ஒத்திகை பார்த்துக் கொடுக்கிறேன். ஐடல் என்று அழைக்கப்படும் கே-பாப் குழுப் பாடகர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேட்டிகள் சொல்லாத பலவற்றை ஒரே ஒரு கவர் சொல்லிவிடும் என்பது நான் கண்டது. பேட்டியில் அவர்கள் எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையிலோ பாட்டின் பெரும்பகுதியைப் பின்வரிசையில் கழிக்கிறார்கள். அந்தப் பின்வரிசையில் போய் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அவர்களுடைய வேலை என்னவென்று புரியும்.

கவர் என்பது ரசிகர்களின் பொழுதுபோக்கு, ஐடல் வாழ்க்கைக்கு வெளியே நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாழ்க்கை தொடங்குவதே கவரில்தான். கொரிய நிறுவனங்களில் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம்தோறும் ஒரு தேர்வு நடக்கும். அதில் அவர்கள் ஆடிக் காட்டுவதும் பாடிக் காட்டுவதும் பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்த பாடல்கள். தமக்கென்று எழுதிய பாட்டு கைக்கு வருவது, குழுவில் இடம் உறுதியான பிறகு. ட்வைஸ் குழுவின் தலைவி ஜிஹ்யோ 2005இல் நிறுவனத்தில் சேர்ந்தார். அறிமுகமானது 2015இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவர் எத்தனை பேருடைய பாட்டுக்கு ஆடியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2016இல் ‘புரொட்யூஸ் 101’ என்ற தொலைக்காட்சிப் போட்டி வந்தபோது இந்த மூடிய அறை ஊருக்கே திறந்தது. பயிற்சி மாணவிகள் பிற குழுக்களின் பாடல்களைப் பங்குபோட்டு ஆடினார்கள். யார் சென்டர், அதாவது நடுவில் நிற்பவர், யாருக்கு எந்த வரி என்று அவர்கள் கண்ணீரோடு வாக்குவாதம் செய்ததை நாடே பார்த்தது. அந்தத் தொடரின் வாக்கெடுப்பு திரிக்கப்பட்டது பின்னால் வெளிவந்து, 2020இல் தயாரிப்பாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்கள் ஆடிய ஆட்டத்தில் மட்டும் பொய் இல்லை.

கொரியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களும் நடனத்தின் வழியாகத்தான் இதற்குள் வந்தார்கள். பிளாக்பிங்க் குழுவின் லிசா தாய்லாந்தில் சிறுமியாக இருந்தபோது ‘வீ ஸா கூல்’ என்ற நடனக் குழுவில் இருந்தார். காட்7 குழுவின் பாம்பாமும் அதே குழுவில் ஆடியவர்தான். நம் நாட்டில் ஒடிசாவைச் சேர்ந்த ஸ்ரேயா லெங்கா ஒடிசி நடனம் பயின்றவர். 2022இல் பிளாக்ஸ்வான் என்ற கொரியக் குழுவில் சேர்ந்தார். டெல்லியில் இருக்கும் கொரியப் பண்பாட்டு மையம் ஆண்டுதோறும் நடத்தும் கே-பாப் போட்டியின் வட்டாரச் சுற்றுகள் சென்னையிலும் நடந்திருக்கின்றன. எங்கள் மாணவர்கள் ஆட வந்ததும் அந்த வழியில்தான்.

குழு கூடிப் பாட்டை முடிவுசெய்ததும் அடுத்த பேச்சு, யார் யாராக ஆடுவது. எல்லாருக்கும் சென்டர் வேண்டும். ட்வைஸின் ‘டிடி’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். 2016 அக்டோபரில் வெளிவந்தது. லியா கிம் அமைத்த நடனம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டிக் கண்ணுக்குக் கீழே கண்ணீர் வழிவதுபோல் பிடிக்கும் அந்த முத்திரை இன்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆடுகிறவர்கள் ஒன்பது பேர், பாட்டு மூன்றரை நிமிடம். சமமாகப் பிரித்தால்கூட ஒருவர் முன்னால் நிற்பது இருபத்துச் சொச்சம் விநாடிதான். மீதி மூன்று நிமிடம் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ரசிகராகப் பார்க்கும்போது இந்தக் கேள்வி நமக்கு வருவதே இல்லை. கவர் செய்ய உட்கார்ந்தால் வேறு கேள்வியே கிடையாது.

இசைக்காணொளியைப் பார்த்து இதைக் கற்க முடியாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்சி மாறிவிடும். நிறுவனங்கள் தனியாக ஒத்திகைக் காணொளி ஒன்றை வெளியிடும். பயிற்சி அறை, அசையாத ஒரே கேமரா, தலை முதல் கால்வரை அத்தனை பேரும் தெரிவார்கள். அதை இடவலம் திருப்பி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். தரையில் டேப் ஒட்டி நடுவில் பூஜ்யம், இருபுறமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதுவோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். இந்த எட்டில் எந்த எண்ணில் நிற்கிறாய், யாருக்கு முன்னால் கடக்கிறாய், யாருக்குப் பின்னால் நுழைகிறாய் என்று அதில் குறித்துக்கொள்ள வேண்டும். அசைவுகளைப் படிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இந்தத் தாளை நிரப்ப ஆகும் நேரம் அதிகம்.

அடுத்தவர் வரியைப் பாட முன்னே வர வேண்டுமென்றால், இப்போது பாடி முடித்தவர் நகர்ந்தாக வேண்டும். அவர் நகர்வது பார்க்கிறவர் கண்ணில் படக் கூடாது. பின்னால் போவதற்கு அவருக்குக் கிடைப்பது சில இடங்களில் நான்கே எண்ணிக்கை. அந்த நான்கிலும் கைகள் மற்ற எட்டுப் பேரோடு சேர்ந்து அதே அசைவைச் செய்துகொண்டிருக்க வேண்டும். முகம் முன்பக்கமே இருக்க வேண்டும். எதிரே வருகிறவர் வலது தோள்பக்கம் வருகிறாரா இடது தோள்பக்கமா என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கேதான் மோதிக்கொள்வார்கள். முட்டி இடிக்கும், கால் மிதிபடும், யாராவது ஒருவர் நின்றுவிடுவார், அவரால் மூன்று பேர் இடம் தவறுவார்கள்.

பரதத்தில் தனியாக ஆடிப் பழகிய எனக்கு இது புதிய பாடம். தனி நடனத்தில் மேடை முழுக்க ஆடுபவருடையது. அவர் எங்கே நின்றாலும் அதுதான் நடு. இங்கே மேடையில் ஒரு சாண் இடம்கூட யாருக்கும் சொந்தமில்லை. சில எண்ணிக்கைகளுக்கு ஒருமுறை நின்ற இடத்தை விட்டுக்கொடுத்தபடியே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு மாணவி சென்டர் கிடைக்காமல் வரி குறைந்த பாத்திரத்தை ஏற்றுக்கொண்டாள். தாளை நிரப்பி முடித்ததும் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். குழுவிலேயே அதிகம் நடப்பவள் அவள்தான். பாடுகிறவர்களுக்கு வழிவிடவும், அவர்கள் விட்டுப்போன ஓட்டையை அடைக்கவும், மறுபடி விலகவும் பாட்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறாள். ‘மேடம், இவங்களை நான் இத்தனை வருஷமா கவனிக்கவே இல்லையே’ என்றாள். தான் ஏற்று ஆடும் அந்த ஐடலைத்தான் அப்படிச் சொன்னாள்.

பின்வரிசை என்பதால் அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்போம். அதற்கும் வழியில்லை. 2014 ஆகஸ்டில் இஎக்ஸ்ஐடி என்ற குழு ‘அப் அண்ட் டவுன்’ என்ற பாட்டை வெளியிட்டது. பாட்டு பெரிதாக எடுபடவில்லை. அக்டோபரில் ஒரு நிகழ்ச்சியில் ரசிகர் ஒருவர், ஹானி என்ற ஒரே உறுப்பினரை மட்டும் தொடக்கம் முதல் முடிவுவரை படமெடுத்து வெளியிட்டார். அந்தக் காணொளி பரவி, மறைந்துபோன பாட்டு மீண்டும் பட்டியலில் ஏறி உச்சிக்கே போனது. குழுவின் வாழ்வே திரும்பியது. அதன்பின் தொலைக்காட்சி நிலையங்களே ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனிக் கேமரா வைத்து ஃபேன்கேம் வெளியிடத் தொடங்கின. நீங்கள் கடைசி வரிசையில் மூலையில் நின்றாலும் உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு கேமரா ஓடுகிறது. முகத்தைத் தளர்த்த, காலை ஊன்றி நிற்க, ஒரு விநாடி கிடையாது. என் மாணவர்கள் தங்கள் பங்கைக் கற்பது இந்த ஃபேன்கேம்களைப் பார்த்துத்தான். அந்த இடைவிடாத விழிப்பை நகலெடுக்க முயலும்போதுதான் அதன் கனம் அவர்கள்மேல் இறங்குகிறது.

அடுத்து மூச்சு. கவர் ஆடுகிறவர்கள் பாடுவதில்லை, உதட்டை அசைத்தால் போதும். நான் ஒத்திகையில் பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டாவது பல்லவியை நீங்களே பாடிக்கொண்டு ஆடுங்கள் என்று சொல்வதுண்டு. குதித்து இறங்கும் இடத்தில் குரல் உடையும். வரியின் கடைசி எழுத்து வெளியே வராது. மூச்சு எடுக்க இடம் தேடி, தங்களை அறியாமலே எல்லாரும் கையை அரை அளவுக்குத் தாழ்த்திவிடுவார்கள். அதன்பின் அதே ஒத்திகைக் காணொளியைப் போட்டுக் காட்டினால் அவர்கள் கண்ணுக்கு வேறொன்று தெரியும். உயர்ந்த சுரத்தில் வரி பாடுகிறவருக்குப் பெரும்பாலும் அசைவு குறைத்தே அமைந்திருக்கும். அவர் நின்றோ நடந்தோ பாடுவார். அவரைச் சுற்றி மற்றவர்கள் இரட்டிப்பு வேகத்தில் ஆடுவார்கள். முன்னால் நிற்பவர் பாடிக் கரையேற வேண்டும் என்பதற்காகப் பின்னால் நிற்பவர்கள் தங்கள் மூச்சைச் செலவழிக்கிறார்கள். கே-பாப் நடனத்தில் என் மனத்தை அதிகம் தொட்டது இந்த ஏற்பாடுதான்.

இந்த ஆட்டம் ஒருமுறையோடு முடிவதில்லை. கொரியாவில் வாராந்தர இசை நிகழ்ச்சிகள் பல. வியாழக்கிழமை எம் கவுண்ட்டவுன், வெள்ளி மியூசிக் பேங்க், சனி மியூசிக் கோர், ஞாயிறு இன்கிகாயோ. புதிய பாட்டு வெளியான வாரங்களில் ஒரு குழு இவை எல்லாவற்றிலும் அதே பாட்டை ஆடும். ஒவ்வொன்றுக்கும் வேறு உடை, வேறு மேடை. நிகழ்ச்சிக்கு முன்னால் செய்யும் ஒளிப்பதிவு பல நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். அதற்கு நள்ளிரவு தாண்டிய உடனே ஒப்பனைக்கு உட்கார வேண்டும். ஒரே பாட்டைக் கேமராவுக்காகத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். எந்த வரியில் எந்தக் கேமராவின் சிவப்பு விளக்கு எரியும் என்று மனப்பாடமாக இருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் கேமரா ஒருவர் முகத்தின் மிக அருகே வந்து நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும், நெற்றியில் வியர்வை வழியும். அந்த நிலையிலும் அவர் சிரிக்க வேண்டும் அல்லது கண்சிமிட்ட வேண்டும். பொது இடத்தில் கவர் எடுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஒரு துளி அனுபவம் உண்டு. வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்பது அந்த வகைக் கவரின் வழக்கம். கடைசி எட்டில் ஒருவர் கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி மறுபடி மறுபடி ஆடி, வெயிலில் சட்டை நனைந்து ஒட்டிய நிலையில், முதல் தடவை சிரித்த அதே சிரிப்பு வர வேண்டும். உடம்பு களைக்கும் முன்பே முகம் களைத்துவிடுகிறது என்பதை அப்போதுதான் அறிகிறார்கள்.

விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் இன்ஜே என்ற ஊரில் ஜிஃப்ரெண்ட் குழு திறந்தவெளி மேடையில் ஆடியது. மழை பெய்து மேடை வழுக்கியது. உறுப்பினர்கள் விழுந்தார்கள். அதிலும் யூஜு என்ற பெண் பலமுறை விழுந்து, ஒவ்வொரு முறையும் எழுந்து தன் இடத்துக்கே ஓடி நின்றார். உலகமெங்கும் பரவிய காணொளி அது. பார்த்தவர்கள் விடாமுயற்சி என்று பாராட்டினார்கள். நான் என் மாணவர்களுக்கு அதைக் காட்டியபோது அவர்கள் கவனித்தது வேறு. விழுந்தவர் எழுந்ததும் தாளத்தை மட்டும் பிடிக்கவில்லை. அந்த நேரத்துக்குள் குழு எங்கே நகர்ந்திருக்குமோ அந்தப் புதிய இடத்துக்குப் போய் நிற்கிறார். அப்படியானால் கட்டங்கள் அத்தனையும் அவர் உடம்பிலேயே எழுதியிருக்கின்றன. அந்தத் தேர்ச்சியை வியக்கிறேன். அதே சமயம் அந்த மேடையில் அவர்களை ஆட விட்டிருக்கக் கூடாது என்பதையும் நான் உறுதியாகச் சொல்வேன். ஈரத் தரையில் பாட்டை நிறுத்துவது ஏற்பாட்டாளரின் கடமை. ஆடுகிற பெண் தன் வாயால் நிறுத்தச் சொல்லும் நிலையில் இல்லை. 2019 கிறிஸ்துமஸ் அன்று ரெட் வெல்வெட் குழுவின் வெண்டி ஓர் ஆண்டிறுதி நிகழ்ச்சியின் ஒத்திகையில் மேடையிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. 2018 அக்டோபரில் லண்டன் மேடைக்குச் சற்று முன் பிடிஎஸ் குழுவின் ஜங்குக்குக்குக் குதிகாலில் அடிபட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஏழு பேருக்காக அமைந்த நடனத்தை மற்ற ஆறு பேர் ஆடினார்கள். ஒருவர் வராத நாளில் ஒத்திகை நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த ஆறு பேரின் நிலை தெரியும். இல்லாதவரின் இடத்தைச் சுற்றி எல்லாரும் தடுமாறுவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கவர் நமக்குக் காட்டுவது. கவரால் காட்ட முடியாததும் இருக்கிறது. எங்கள் ஒத்திகையில் முட்டி வலித்தால் உட்காரலாம். தேர்வு வந்தால் விடுப்பு எடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் குழுவைவிட்டே போகலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூவர் 2009இல் தங்கள் நிறுவனத்துக்கு எதிராக நீதிமன்றம் போனபோது, அவர்கள் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தின் காலம் 13 ஆண்டு என்பது வெளியே தெரிந்தது. அதே 2009இல்தான் கொரியாவின் நியாய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டு ஏழாண்டை வரம்பாக வைத்தது. குழுக்கள் ஏழாவது ஆண்டில் கலைவதைப் பற்றி ரசிகர்கள் அஞ்சிப் பேசுவது அதனால்தான். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்கு மேற்பட்ட சிறார்களுக்கு 40 மணி நேரம் என்று சட்டம் வந்தது 2014இல். பாடகி போஆ தன் பதின்மூன்றாவது வயதில் மேடையேறியது 2000இல். நடுவே போன ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி என் மாணவிகளிடம் கண்டிப்பாகப் பேசுவேன். இந்த இடத்தில் பெற்றோரும் கவனமாகக் கேட்க வேண்டும். நடனத்தை நகலெடுக்கிறவர்கள் அடுத்து உடம்பையும் நகலெடுக்கப் பார்ப்பார்கள். ஓ மை கேர்ள் குழுவின் ஜினி, உணவு மறுப்பு நோய்க்குச் சிகிச்சை பெற வேண்டி 2016இல் மேடையிலிருந்து ஒதுங்கினார். அடுத்த ஆண்டு குழுவைவிட்டே விலகினார். சாப்பிடாமல் ஒத்திகைக்கு வருகிறவரை நான் ஆட விடுவதில்லை. இடைவேளையில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அடுத்த சுற்று.

கடைசியாக, பின்வரிசைக்கும் பின்னால் நிற்பவர்கள். நாம் நகலெடுப்பது யாருடைய நடனம்? ட்வைஸ் நடனம், செவன்டீன் நடனம் என்கிறோம். செவன்டீனில் ஹோஷி போன்றோர் தாங்களே நடன அமைப்பில் பங்கெடுப்பவர்கள் என்பது உண்மை. பெரும்பாலான பாடல்களுக்கோ அதை அமைத்தவர் வேறொருவர். பாட்டு எழுதியவருக்கு ஒவ்வொரு முறை பாட்டு ஒலிக்கும்போதும் உரிமைத்தொகை போகும். நடனம் அமைத்தவருக்கு ஒருமுறை கொடுக்கும் கூலியோடு கணக்கு முடிவதே நெடுங்கால வழக்கம். 2011இல் சீக்ரெட் குழுவின் ‘ஷை பாய்’ நடனத்தை ஒரு நடனப் பள்ளி அனுமதியின்றிக் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுத்தது. நடன அமைப்பாளர் வழக்குத் தொடர்ந்தார். அந்த நடனம் பதிப்புரிமை உள்ள படைப்பே என்று சோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் பாடகர் சை தன் ‘ஜென்டில்மேன்’ பாட்டில் பிரவுன் ஐட் கேர்ள்ஸ் 2009இல் ஆடிய இடுப்பசைவைப் பயன்படுத்தியபோது, அதை அமைத்தவர்களுக்குப் பணம் கொடுத்தே எடுத்துக்கொண்டார். 2021இல் ‘ஸ்ட்ரீட் வுமன் ஃபைட்டர்’ என்ற நிகழ்ச்சி, ஐடல்களுக்குப் பின்னால் ஆடியும் அவர்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தும் வந்த பெண்களை மேடையின் நடுவே கொண்டுவந்தது. ஹனி ஜே, ஐக்கி, மோனிகா என்ற பெயர்கள் அதன்பின்தான் வீடுதோறும் தெரியவந்தன.

எனவே இங்கே இருக்கும் கவர் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் காணொளிக்குக் கீழே பாட்டின் பெயர், குழுவின் பெயர், உங்கள் பெயர், படமெடுத்தவர் பெயர் எல்லாம் போடுகிறீர்கள். நடனம் அமைத்தவர் பெயரையும் தேடிப் பிடித்துப் போடுங்கள். பல பாடல்களுக்கு அது ஒரே நாளில் கிடைத்துவிடும். கிடைக்காதவற்றுக்கு நிறுவனம் வெளியிட்ட ஒத்திகைக் காணொளியின் குறிப்புகளையும், அமைப்பாளர்களின் சொந்தப் பக்கங்களையும் பாருங்கள். எங்கள் குழுவின் பழைய காணொளிகளில் விட்டுப்போன பெயர்களை இரண்டு மாணவர்கள் இப்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருவரும் இங்கே வந்திருக்கிறார்கள். பெயர் தேடும் வழியைக் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள்.